மூன்றாம் விரலுக்கும் நாலாம் விரலுக்கும் நடுவே

போன வாரம் அளவுக்காரியை எந்த நிலைமையில் விட்டுவிட்டு வந்தோம் என்பது ஞாபகம் இருக்கும். டாக்டர் அறைக்கு வெளியே ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி, "இதை ஒரு ஈ எறும்புக்குக்கூடச் சொல்லிடாதடி" என்று தங்கையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். தங்கையும் சத்தியம் செய்து கொடுத்தாள். சத்தியம் செய்தவள் அதைக் காப்பாற்றினாள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் அவள்மீது அந்தப் பழியைப் போட வேண்டாம்.

இந்த வாரம்தான் முதலில் படிக்கிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. ஷூ தொழிற்சாலையில் அவளை எல்லோரும் அளவுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் புது மாடல் வந்தாலும் முதலில் ஒரே ஒரு அளவில் செய்து பார்ப்பார்கள். அது சரியென்று ஆன பிறகுதான் மற்ற அளவுகளைக் கூட்டுவதும் குறைப்பதும். அந்த ஒரு அளவுக்கென்றே பிறந்தது அவள் கால். புது ஷூவை மாட்டிக்கொண்டு நடப்பாள், படி ஏறுவாள், நுனிக்காலில் எம்பி நிற்பாள். "சுண்டுவிரல் பக்கம் ஒரு நூல் தள்ளணும் மாஸ்டர்" என்பாள். மாஸ்டரும் மறுபேச்சுப் பேசாமல் ஷூவைச் செய்கிற கால் வடிவ மரக்கட்டையை எடுத்து அரத்தால் ராவுவார். படிப்பு ஏறவில்லை, பாட்டு வரவில்லை, அழகி என்றும் யாரும் சொன்னதில்லை. கால் ஒன்றுதான் அவளுக்கு வாய்த்தது.

அந்தக் காலில்தான் இப்போது நெருப்பு.

முதலில் ஷூவுக்குள் கூழாங்கல் கிடக்கிற மாதிரி இருந்தது. கழற்றிக் கவிழ்த்தால் ஒன்றும் விழாது, போட்டால் மறுபடியும் கல். பிறகு முன்பாதம் எரிய ஆரம்பித்தது. மூன்றாவது விரலும் நான்காவது விரலும் சில நேரம் மரத்துப் போகும், சில நேரம் ஊசியால் குத்தும். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எந்தப் பேச்சை எடுத்தாலும் நடுவில் காலை வைத்து நிறுத்திவிடுவார் என்பதால் அவருக்கு வீட்டில் பிரேக் என்று பெயர். அந்த மனிதர் தன் மூளையைச் செலவழித்து, வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே பஞ்சை மடித்து ஒட்டிவிட்டார். பாவம், நல்ல எண்ணம்தான். கல் பாறையானதுதான் மிச்சம்.

"கால் வலி யாருக்குத்தான் இல்ல? நான் நாள் முழுக்க கிளட்ச்சை மிதிக்கலையா?" என்றார், அவள் மறுபடியும் டாக்டரைப் பார்க்கப் போன அன்றைக்குக் காலையிலும். "ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு போனே, பேச்சு தொழிற்சாலை வரைக்கும் போயிடும். அப்புறம் உன்னை அங்க எதுக்கு வெச்சிருப்பாங்க?"

"நான் எங்கயும் போகல. வேலைக்குத்தான் போறேன்."

முன்னறையில் தங்கை இருமிக்கொண்டிருந்தாள். புருஷனை விட்டுவிட்டு வந்ததிலிருந்து சின்னவளுக்கு இந்த வீடுதான். அதே தொழிற்சாலையில் பசைப் பிரிவில் வேலை. ஜன்னல் திறக்காத அறை. ஷூவின் அடியை மேல்பாகத்தோடு ஒட்டி ஒட்டி, இருமல் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. இருமலை அடக்கிக்கொண்டே அக்காவைப் பார்த்தாள்.

"நான் போய் நீ லேட்டா வருவேன்னு சொல்லிடறேன். பல்லு வலின்னு சொல்லவா?"

"பல்லுன்னே சொல்லு. வாய்க்கும் காலுக்கும் ரொம்ப தூரம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த நாளில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான்.

டாக்டரம்மா நேரத்தை வீணாக்காத ரகம். போன வாரம் முன்பாதத்தை இரண்டு பக்கமும் கையால் அமுக்கி, நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தியபோது உள்ளே 'டிக்' என்று ஏதோ நழுவியது. ஸ்கேனிலும் தெரிந்துவிட்டது. இன்றைக்குப் படத்தைக் காட்டிப் பேசினார்.

"இங்க பாருங்கம்மா. இந்த எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் நடுவுல ஒரு நரம்பு போகுது. ஷூ முன்பக்கம் குறுகலா இருந்தா ரெண்டு எலும்பும் சேர்ந்து நரம்பை நசுக்கும். குதி உயரமா இருந்தா உடம்பு பாரம் மொத்தமும் முன்னால வந்து விழும். நசுங்கி நசுங்கி நரம்பைச் சுத்தி தடிச்சுப் போச்சு. தடிச்சதால இன்னும் அதிகமா நசுங்குது."

"கட்டியா டாக்டர்?" என்று கேட்டாள் அவள்.

"நீங்க பயப்படற மாதிரி கட்டி இல்ல. காய்ப்புக் காய்க்கற மாதிரின்னு வெச்சுக்குங்க. விரலெல்லாம் விரிஞ்சு உட்கார்ற மாதிரி அகலமான ஷூ போடுங்க. உயரக் குதியைத் தொடவே தொடாதீங்க. இந்தச் சின்ன மெத்தையை வலிக்கிற இடத்துல வைக்காதீங்க, அதுக்குக் கொஞ்சம் பின்னால வைங்க. அப்பதான் எலும்பு ரெண்டும் விலகி நரம்புக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்."

பிரேக்கின் பஞ்சு அவளுக்கு ஞாபகம் வந்தது. அடக் கடவுளே என்று நினைத்துக்கொண்டாள்.

"நிறையப் பேருக்கு இதுலயே அடங்கிடும். என்ன வேலை பார்க்கறீங்க?"

"ஷூ தொழிற்சாலையில... பேக்கிங்."

பொய் அவள் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது. நாள் முழுக்கக் குறுகலான ஷூவையும் உயரக் குதியையும் மாட்டிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு என்று எந்த வாயால் சொல்வாள்?

"அடங்கலேன்னா டாக்டர்?"

"ஆபரேஷன் இருக்கு. அந்த நரம்பையே எடுத்துடலாம். வலி போயிடும். ஆனா அந்த ரெண்டு விரலுக்கு நடுவுல உணர்ச்சி இருக்காது."

"எப்பவுமேவா?"

"பெரும்பாலும் எப்பவுமேதான். அதனால என்னம்மா? கால் விரலால எழுதவா போறீங்க?"

டாக்டரம்மா சிரித்தார். அளவுக்காரி குனிந்து தன் காலைப் பார்த்தாள். முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் போனால் உதைக்கிறது என்பார்களே, அந்த நிலைமைதான். வலியோடு இருந்தால் ஷூ போட முடியாது. வலியை வெட்டி எடுத்தால் ஷூ என்ன சொல்கிறது என்று தெரியாது.

இப்போதைக்கு ஒரு ஊசி போடலாம் என்றார் டாக்டரம்மா. ஊசி பாதத்தின் மேல்பக்கத்திலிருந்து, இரண்டு விரலுக்கு நடுவே இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இதுல ரெண்டு மருந்து இருக்கு. ஒண்ணு வீக்கத்தைக் குறைக்கும், அது வேலை செய்ய நாளாகும். இன்னொண்ணு மரத்துப்போக வைக்கும், அது சில மணி நேரத்துல இறங்கிடும். அப்போ வலி திரும்பி வரும், பயப்படாதீங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டி உட்காருங்க. சரியா?"

"சரி டாக்டர்" என்றாள்.

வெளியே வந்து தெருவில் பாதத்தை வைத்தாள். வலிக்கவில்லை. இன்னொரு அடி வைத்தாள், அதுவும் வலிக்கவில்லை. எத்தனையோ நாள் கழித்துப் பூமி அவள் காலைக் கடிக்காமல் விட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, நடைபாதையிலேயே நுனிக்காலில் எம்பி நின்று பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த மனுஷி வீட்டுக்குப் போய்க் காலை நீட்டி உட்காருவாளா? நேராக வேலைக்குத்தான் போனாள்.

மாதிரி அறையில் மாஸ்டர் அவளுக்காகத் தவித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா வா, பல்லு எப்படி இருக்கு? இன்னைக்கு இதை முடிச்சே ஆகணும். நாளைக்குக் காலையில இந்தக் கட்டையை வெச்சு எல்லா அளவுக்கும் அச்சு வெட்டறாங்க."

மேஜைமேல் ஒற்றை ஷூ இருந்தது. கறுப்பு, பளபளப்பு, கூர் நுனி, கொஞ்சம் உயர்ந்த குதி. ஊருக்கு ஊர் கடை வைத்திருக்கும் ஒரு பெரிய துணிக்கடைக்காரர் கேட்ட மாடல். கடைப் பெண்கள் எல்லோரும் சீருடையோடு இதைத்தான் போட வேண்டும். முதல் மாதிரி எப்போதும் வலது காலுக்கு மட்டும்தான் செய்வார்கள். அது சரியென்றால்தான் இடது காலுக்குக் கட்டை செதுக்குவார்கள். அவளுக்குச் சீக்குப் பிடித்ததும் வலது கால்தான். விதி என்பது இதுதான் போலிருக்கிறது.

இடது காலில் அதே உயரத்தில் ஒரு பழைய ஷூவை மாட்டிக்கொண்டு, வலது காலைப் புதியதில் நுழைத்தாள். நடந்தாள். படி ஏறி இறங்கினாள். எம்பி நின்றாள். சொகுசாக இருந்தது. கல்லும் இல்லை, நெருப்பும் இல்லை.

"முன்பக்கம் எப்படி இருக்கு? நிதானமா சொல்லும்மா. வரைஞ்சு கொடுத்தவங்க நுனியை ரொம்பக் குறுக்கிட்டாங்க. எனக்கே பயமாத்தான் இருக்கு."

மருந்து வலியை மட்டும்தான் தூங்க வைத்திருக்கிறது, மற்றதெல்லாம் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது என்று அவள் நினைத்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். வலி இல்லாத சந்தோஷத்தில் இருக்கிறவளுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

"நல்லா இருக்கு மாஸ்டர். கையே வைக்க வேணாம்."

"அப்பாடா" என்று மாஸ்டர் கட்டையைத் துணியில் சுற்றினார். "நீ சொல்லிட்டா அப்புறம் எனக்கென்ன பயம்?"

சரியென்று சொன்ன ஷூவைச் சாயங்காலம் வரை காலிலேயே வைத்துக்கொண்டு மற்ற வேலைகளைப் பார்ப்பது அங்கே வழக்கம். அவளும் அப்படியே தோல் அடுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. அப்புறம் ஒரு குத்தல். அப்புறம், ஐயோ, காய்ச்சிய கம்பியை இரண்டு விரலுக்கு நடுவே செருகின மாதிரி ஒரு எரிச்சல். மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஷூவைக் கழற்றினாள். பாதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். வலி அவளுக்குப் பழகினதுதான். பழகாதது ஒரு கேள்வி. கடிக்கிறது ஷூவா, நரம்பா?

தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை. ஒரு நூல் வித்தியாசத்தைச் சொன்ன கால் இது. இன்றைக்கு அதனிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான், எரிகிறது எரிகிறது என்று. காலையில் ஊமையாக இருந்தது, இப்போது கத்துகிறது. இரண்டையும் நம்ப முடியாது. அப்படியானால் இனிமேல் நான் யார் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

சும்மா இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. பிரேக்காக இருந்தால் அதைத்தான் சொல்வார். ஆனால் அந்தத் துணிக்கடைப் பெண்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்களுக்கு உட்கார நாற்காலி கிடையாது. காலை முதல் கடை சாத்தும் வரை நின்றுகொண்டே துணியை விரித்துக் காட்டுவார்கள். அவர்கள் ஒவ்வொருத்தி காலிலும் இந்த நெருப்பு ஏறினால்?

முகத்தைக் கழுவிக்கொண்டு மாஸ்டரிடம் போனாள். நொண்டிக்கொண்டே போனாள், மறைக்கவில்லை.

"மாஸ்டர், அந்தக் கட்டையை அனுப்பாதீங்க. நான் காலையில சொன்னது தப்பு."

எல்லாவற்றையும் சொன்னாள். நரம்பு, ஸ்கேன், ஊசி, பல் வலிப் பொய். மாஸ்டர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"எவ்வளவு நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாவே மாஸ்டர்."

"அப்போ அதுக்குள்ள நீ சரின்னு சொன்னதெல்லாம்? எதை உணர்ந்து சொன்னே, எதை உணராம சொன்னே?"

"தெரியல மாஸ்டர்."

"உன் காலை நம்பித்தானேம்மா நான் செதுக்கினேன்" என்றார்.

அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அவள் வாயைத் திறந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"என் தங்கச்சிக்கும் இதே அளவுதான் மாஸ்டர். சின்ன வயசுல ரெண்டு பேரும் ஒரே செருப்பைத்தான் மாத்தி மாத்திப் போட்டோம். அவ கால்ல ஒரு குறையும் இல்ல. அவளைக் கூப்பிட்டுப் போட்டுப் பாருங்க. நுனி கடிக்குதா இல்லையான்னு அவ சொல்லிடுவா."

சின்னவள் வந்தாள். விரலெல்லாம் காய்ந்த பசை. அறைக்குள் நுழைந்ததும் ஜன்னலைத்தான் முதலில் பார்த்தாள். திறந்திருந்தது. வெளியிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. ஒரு தடவை ஆழமாக மூச்சை இழுத்தாள். அவளுக்கு இருமல் வரவில்லை.

"காலையில இதைச் சரின்னு சொன்ன உங்க அக்காவுக்குக் கால் சரியில்லையாம். இதைப் போட்டு நட. கடிச்சா கடிக்குதுன்னு சொல்லணும்" என்றார் மாஸ்டர். "சரியாச் சொல்ற கால் ஒண்ணு இந்த அறைக்கு இனிமே வேணும்."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சின்னவள் நடந்தாள். சுவர் வரை போய்த் திரும்பினாள். திரும்பும்போது பாரத்தைப் பாதத்தின் வெளி ஓரத்துக்கு மாற்றிய மாதிரி அளவுக்காரிக்குத் தெரிந்தது. கடிக்கிற ஷூவில் எல்லோரும் அப்படித்தான் திரும்புவார்கள். இல்லை, எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா? எம்பி நில்லு என்றார் மாஸ்டர். எம்பினாள். உதடு லேசாக உள்ளே போய் வந்தது.

"எப்படி இருக்கு?"

சின்னவள் அக்காவைப் பார்க்கவில்லை.

"நல்லா இருக்கு சார். எங்கயும் கடிக்கல."

"முன்பக்கம்? விரலுக்கு நடுவுல?"

"ஒண்ணும் இல்ல சார். வசதியா இருக்கு."

"ஏய், நல்லா யோசிச்சுச் சொல்லுடி" என்றாள் அளவுக்காரி. "இன்னொரு தரம் நட."

"எத்தனை தரம் நடந்தாலும் இதேதான்கா."

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். துணியில் சுற்றிய கட்டையை எடுத்து, அச்சு வெட்டப் போகிற பெட்டிக்குள் வைத்தார்.

"ஷூ நல்லாத்தான் இருக்கும்மா. உன் கால்தான் சரியில்ல."

"மாஸ்டர், அது கடிக்குது மாஸ்டர். அவ திரும்பினதைப் பார்த்தீங்களா?"

"உனக்கு இன்னைக்கு வெறும் தரையும் கடிக்கும். நீயேதானே இப்ப சொன்னே, எதை நம்பறதுன்னு தெரியலன்னு?" அவர் மெதுவாகத்தான் பேசினார். "வீட்டுக்குப் போ. காலைக் கவனி. நாளையிலேர்ந்து உன் தங்கச்சி இங்க வரட்டும். நீ குணமானதும் பார்க்கலாம்."

குணமானதும் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று தொழிற்சாலையில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சாயங்கால பஸ்ஸில் அக்காவும் தங்கையும் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வளைவில் பஸ் குலுங்கியபோது சின்னவள் குனிந்து, வலது செருப்பைக் கழற்றிவிட்டு, முன்பாதத்தை அமுக்கிவிட்டுக்கொண்டாள். மூன்றாம் விரலுக்கும் நாலாம் விரலுக்கும் நடுவே கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள். அக்கா பார்க்கிறாள் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

அளவுக்காரி அந்தப் பாதத்தை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடிச்சுதா?"

சின்னவள் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"சொல்லுடி. கொஞ்ச நேரம் போட்டதுக்கே வலிக்குதுன்னா, நாள் முழுக்க நிக்கிற பொண்ணுங்க கதி என்ன? எதுக்குடி பொய் சொன்னே?"

"நீ காலையில பொய் சொல்லும்போது உன்னை யாராச்சும் இப்படிக் கேட்டாங்களா?"

"அது பொய் இல்லடி. எனக்குத் தெரியாம போச்சு."

"சரி, உனக்குத் தெரியாம போச்சு. எனக்குத் தெரிஞ்சுதான் சொன்னேன்." சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ அந்தப் பசை ரூம்ல ஒரு நாள் நின்னிருக்கியாக்கா? ஒரே ஒரு நாள்? ராத்திரி நான் படுத்தா நெஞ்சுக்குள்ள விசில் அடிக்குது. உனக்கும் கேக்கும். நீ திரும்பிப் படுத்துப்பே."

அளவுக்காரிக்கு அது சுருக்கென்று தைத்தது. திரும்பிப் படுத்தது உண்மைதான்.

"அதுக்காக... உன் காலும் என் கால் மாதிரி ஆயிடும்டி. டாக்டர் இன்னைக்குப் படத்தைக் காட்டியே சொன்னாங்க. அந்த நரம்பு ஒரு தடவை தடிச்சுதுன்னா..."

"ஆகட்டும்" என்றாள் சின்னவள். "அதுவரைக்கும் மூச்சாவது விடுவேன் இல்ல?"

அளவுக்காரி மடியில் கிடந்த பாதத்தைப் பார்த்தாள். தன் பாதம் மாதிரியே இருந்தது. அதே அளவு, அதே வளைவு, இன்னும் கெட்டுப்போகாதது. மாஸ்டரிடம் இப்போதே திரும்பிப் போய் உண்மையைச் சொன்னால் தங்கை நாளைக்கு மறுபடியும் பசை அறையில் நிற்பாள். சொல்லாவிட்டால் காலையில் அச்சு வெட்டிவிடுவார்கள்.

நிறுத்தம் வந்தது. சின்னவள் காலை உருவிச் செருப்பில் நுழைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாக்கா. மாமா தேடுவாரு."

சின்னவள் இறங்கினாள். கீழே நின்று திரும்பிப் பார்த்தாள். அளவுக்காரி எழுந்திருக்கவில்லை. அந்த பஸ் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி, மறுபடியும் தொழிற்சாலை வழியாகத்தான் வரும்.

"அக்கா! என்னக்கா பண்றே? இறங்கு!"

கதவு மூடிக்கொண்டது. சின்னவள் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடி வந்தாள். ஓடும்போது வலது காலை நொண்டினாள்.